ஹெரால்டை ஹெரால்டாகவே மீட்பது எப்படி

பழைய கார் ஒன்று கைக்கு வந்ததும் நம் ஆட்கள் செய்யும் முதல் காரியம் குரோம் வீல் கப், சிவப்பு ரெக்சின் சீட், உள்ளே ஒரு ப்ளூடூத் செட். தெருவில் போனால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது கல்யாண ஊர்வலத்துக்கு ஜோடித்த வண்டி. கம்பெனி வாசலைத் தாண்டியபோது எப்படி இருந்ததோ அப்படியே வேண்டும் என்றால் போகிற வழியே வேறு, அதைத்தான் எழுதப் போகிறேன். என்னிடம் இருப்பது 1965-ஆம் வருடத்து ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, இரண்டு கதவு. வேலை முடிய நாலரை வருடம் பிடித்தது. அதில் கிட்டத்தட்ட ஒரு வருடம் நானே செய்த முட்டாள்தனத்தைச் சரிசெய்யப் போனது, அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

இந்த வண்டியின் பூர்வீகம் கொஞ்சம் தெரிந்தால்தான் பின்னால் சொல்வது பிடிபடும். 1959-இல் இங்கிலாந்தில் வந்த ட்ரையம்ப் ஹெரால்டுதான் இதன் அசல், வடிவமைத்தவர் ஜொவான்னி மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். 1961 முதல் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி இதை மதராஸில், ஜி.எஸ்.டி. சாலையில் பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் இருந்த ஆலையில் செய்தது. அங்கே இங்கிலாந்தில் 1147 சி.சி., 1296 சி.சி. என்று இன்ஜின் பெருத்துக்கொண்டே போக, நம் ஊர் வண்டி கடைசிவரை 948 சி.சி.யிலேயே ஓடியது. நாலு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டும் வந்த சமாச்சாரம். ஆகவே இணையத்தில் வெள்ளைக்காரன் வண்டிப் படத்தைப் பார்த்து உங்கள் வண்டிக்குப் பாகம் வாங்காதீர்கள். மதராஸ் வண்டியில் என்ன இருந்தது என்பதற்கு இன்னொரு மதராஸ் வண்டிதான் சாட்சி. கை படாமல் துருப்பிடித்துக் கிடக்கும் ஹெரால்டு எங்கேயாவது இருந்தால், பளபளப்பான வண்டியை விட்டுவிட்டு அதைப் போய்ப் பாருங்கள், போட்டோ எடுங்கள், டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

வாங்குவதற்கு முன் ஆர்.சி.யைப் பாருங்கள், அதற்குப் பிறகுதான் வண்டி. சேஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் ஆர்.சி.யில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். இடையில் யாராவது இன்ஜினை மாற்றிவிட்டு எழுதிக்கொள்ளாமல் விட்டிருந்தால், பின்னால் நீங்கள் அலையும் அலைச்சலில் வண்டி ஆசையே விட்டுப்போகும். காகிதம் சரியாக இருந்தால் ஒரு சின்ன காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வாருங்கள். காந்தம் ஒட்டாத இடமெல்லாம் பட்டி, அதாவது தகட்டின் பள்ளத்தை மறைக்கப் பூசிய பசை. என் வண்டியின் வலது பின் வீல் வளைவில் பட்டியைச் செதுக்கிப் பார்த்தபோது கட்டைவிரல் மொத்தத்துக்கு இருந்தது, அதற்குள்ளே தகட்டுக்குப் பதில் மடித்து வைத்த கோணிச் சாக்கு! கீழே படுத்து சேஸைப் பாருங்கள். நடுவில் முதுகெலும்பு மாதிரி ஓடும் கனமான பகுதி பெரும்பாலும் தப்பித்திருக்கும். அதிலிருந்து இரண்டு பக்கமும் கை நீட்டின மாதிரி போகும் சட்டங்கள்தான் முதலில் அரிக்கும், கடற்காற்றில் நின்ற வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். ஒரு ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்க்கலாம், உள்ளே போனால் விலையைக் குறைக்கலாம்.

சரி, வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது. இப்போது எல்லோருக்கும் கை பரபரக்கும். ஒரு மாதம் கையைக் கட்டிக்கொண்டு படம் மட்டும் எடுங்கள். ஒவ்வொரு வயர் எந்தப் பக்கம் வளைகிறது, கிளிப் எத்தனை, வாஷர் போல்ட்டின் தலைப்பக்கமா நட் பக்கமா என்பது வரை. கழற்றும்போது ஒவ்வொரு மூட்டின் நட்டு போல்ட்டையும் தனித்தனிப் பையில் போட்டு, எந்த இடம் என்று தாளில் எழுதி உள்ளே போடுங்கள். பைக்கு வெளியே எழுதினால் மண்ணெண்ணெய் பட்டதும் அழிந்துவிடும், எனக்கு அழிந்தது. எதையும் தூக்கிப் போடாதீர்கள். மக்கிப்போன ரப்பர் பீடிங், கிழிந்த கதவு அட்டை, உடைந்த கிளிப், எல்லாம் மாதிரிக்கு வேண்டும். புதிதாகச் செய்பவனிடம் வாயால் சொல்லிப் புரியவைப்பதைவிட உடைந்த துண்டைக் காட்டுவது சுலபம்.

ஸ்பேனர் விஷயத்தில் ஒரு வார்த்தை. இந்த வண்டியின் போல்ட்டுகள் இன்ச் கணக்கு. அரை இன்ச் தலை 12.7 மி.மீ. நம் மெக்கானிக் கை தானாக 13-ஆம் நம்பர் ஸ்பேனருக்குப் போகும், மாட்டும், லேசாக ஆடும், அறுபது வருடத் துருவில் இறுகிய போல்ட்டை அதை வைத்து ஒரு முறை முறுக்கினால் மூலை உருண்டுவிடும். அப்புறம் உளியும் சுத்தியலும்தான். இன்ச் செட் ஒன்று சொந்தமாக வாங்கிவிடுங்கள், வேறு எதில் சிக்கனம் பார்த்தாலும் இதில் வேண்டாம். பழைய போல்ட்டின் மரையில் இன்றைய மெட்ரிக் போல்ட்டை ஏற்றப் பார்ப்பதும் அதே பாவம்தான்.

ஹெரால்டின் பெரிய வசதி, பாடி முழுக்கத் துண்டு துண்டாக போல்ட்டில் நிற்பது. அதற்கு ஒரு காரணம் உண்டு. 1950-களில், ட்ரையம்ப் ஹெரால்டைச் செய்த இங்கிலாந்து ஸ்டாண்டர்ட் கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோவை போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு பாடியை ஒரே இடத்தில் செய்துகொள்ள வழி இல்லாமல், பல சின்னச் சின்ன இடங்களில் தகடுகளைச் செய்து வாங்கித் தனி சேஸின் மேல் பூட்டினார்கள். அவர்களுக்கு வந்த நெருக்கடி நமக்கு வரமாக முடிந்தது. பானட் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாக மொத்தமாகத் திறக்கும், முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு இன்ஜின் வேலை பார்க்கலாம். கூரை தனியாகக் கழன்று வரும். கியர்பாக்ஸை வண்டிக்கு அடியில் போய் இறக்க வேண்டியதில்லை, உள்ளே நடு மூடியைக் கழற்றி வண்டிக்குள்ளிருந்தே தூக்கிவிடலாம்.

ஆனால் இதே வசதிதான் என்னைக் கவிழ்த்தது. போல்ட்டில்தானே நிற்கிறது என்று எல்லாவற்றையும் கழற்றி, ஒவ்வொன்றாக டிங்கரிங் (தகட்டை நிமிர்த்தும் வேலை) முடித்து, ஒவ்வொன்றாக பெயிண்டும் அடித்து, போர்வை போர்த்தி அடுக்கி வைத்தேன். பூட்டிப் பார்த்தால் இடது கதவு மேலே விரல் நுழையும் இடைவெளி, கீழே உரசல். பானட் பின்பக்கம் ஒரு ஓரம் ஏறி நின்றது. நிமிர்த்தப் போனால் பெயிண்ட் வெடிக்கிறது. எல்லாவற்றையும் சுரண்டி, முதலில் இருந்து ஆரம்பித்தேன். நான் செய்திருக்க வேண்டிய வரிசை இதுதான்: பாடியை சேஸில் இருந்து பிரிக்கும் முன் கதவு நிற்கும் வாய்க்குக் குறுக்கே இரும்புக் கம்பி வைத்துத் தற்காலிகமாக வெல்டிங் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் தூக்கும்போதே வளைந்துவிடும். பாடிக்கும் சேஸுக்கும் நடுவே ஆலையில் வைத்த மெல்லிய தகட்டுத் துண்டுகள் இருக்கும், எந்த போல்ட்டில் எத்தனை என்று எண்ணி எழுதிக்கொள்ள வேண்டும், நான் அவற்றைக் குப்பை என்று நினைத்து ஒரே டப்பாவில் கொட்டினேன். டிங்கரிங் முடிந்ததும் ரெட் ஆக்சைடு பிரைமர் நிலையிலேயே பானட், கதவு, டிக்கி, கண்ணாடி, பம்பர் எல்லாவற்றையும் ஒரு முறை பூட்டி, கதவை நூறு தரம் திறந்து மூடி, இடைவெளி சரியான பிறகுதான் மறுபடி கழற்றி பெயிண்டுக்கு அனுப்ப வேண்டும். இரண்டு தரம் பூட்டுவது நேர விரயம் என்று டிங்கர் சொல்வார். கேட்காதீர்கள்.

இன்னொன்று, இடைவெளியை இன்றைய கார் மாதிரி நூல் பிடித்த மாதிரி ஆக்கப் பார்க்க வேண்டாம். இந்த வண்டி ஆலையில் இருந்தே அப்படி வரவில்லை. ஒரே சீராக, கதவு தானாகச் சாத்தும்படி இருந்தால் போதும்.

நிறம். மேலே தெரியும் பெயிண்ட் எதற்கும் சாட்சி இல்லை, அது நாலாவது கோட்டாக இருக்கும். முன் கண்ணாடி ரப்பரை எடுத்தால் அதன் அடியில், டாஷ்போர்டுக்குப் பின்னால், டிக்கி அட்டைக்கு உள்பக்கம் என்று வெயிலும் யார் கையும் படாத இடங்களில் அசல் நிறம் இருக்கும். கூரையில் ஒரு ரூபாய் அளவு இடத்தில் நைசான உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து வட்டமாகத் தேய்த்துக்கொண்டே போனால் மரத்தின் வளையம் மாதிரி நிறங்கள் ஒன்றன் உள்ளே ஒன்றாக வரும். என்னுடையதில் வெளியே இருந்து வெள்ளை, பிறகு மெரூன், அப்புறம் இன்னொரு வெள்ளை, அதற்கும் அடியில் பிரைமரை ஒட்டி ஒரு மங்கலான பச்சை. அந்தப் பச்சை கண்ணாடி ரப்பருக்கு அடியிலும் இருந்தது, அதோடு கேள்வி முடிந்தது. கலர் கலக்கும் கடையில் மெஷின் வைத்து ஒப்பிட்டுக் கலந்து தருவார்கள், ஆனால் கூரையில் தேய்த்த இடத்தைக் காட்டாதீர்கள், வெயில் படாத துண்டைக் கொண்டுபோங்கள். கடைக்காரர் கிளியர் கோட் போடச் சொல்லி வற்புறுத்துவார். வேண்டாம். அந்தக் காலத்துச் சாதா நிறத்துக்கு மேலே அப்படி ஒரு கண்ணாடிப் பூச்சு கிடையாது, போட்டால் வண்டி மிட்டாய் மாதிரி மின்னும், தெரிந்தவர்கள் பத்தடி தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். நிறம் மாறினால் ஆர்.சி.யிலும் எழுதிக்கொள்ள வேண்டும். என் ஆர்.சி.யில் வெள்ளை என்று இருந்தது, முதலில் அதை மாற்றினேன்.

அடிப்பக்கத்துக்கு வருவோம், உயிர் சம்பந்தப்பட்ட இடம் இது. முன் வீலைத் தாங்கும் நிமிர்ந்த இரும்புக் கட்டையின் அடிமுனையில் மரை போட்டு, அது ட்ரனியன் என்ற பித்தளைத் துண்டுக்குள் திரும்பும். நீங்கள் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போதெல்லாம் சுற்றுவது இந்த மரைதான். இந்த அமைப்பால்தான் வண்டி 25 அடி வட்டத்துக்குள் திரும்புகிறது, இன்றைக்கும் எந்தச் சந்திலும் ஆட்டோவோடு போட்டி போடலாம். அதற்குக் கொடுக்க வேண்டியது கியர் ஆயில், 90 கிரேடு. நம் ஊர் சர்வீஸ் ஸ்டேஷனில் நிப்பிளைக் கண்டால் கிரீஸ் கன்னை வைத்து அழுத்திவிடுவார்கள். கிரீஸ் அடியில் போய்ச் சேராது, உள்ளே ஈரம் தங்கித் துரு ஏறும், மரை இறுகும், ஒரு நாள் வண்டியைத் திருப்பும்போது அந்தக் கட்டை முறிந்து வீல் மட்கார்டுக்குள் மடங்கிப் படுத்துக்கொள்ளும். ஆகவே பழசைக் கழற்றி, பெட்ரோலில் கழுவி, மரை முழுவதும் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டும் கீறல் இருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். இடது வலது இரண்டுக்கும் மரை எதிரெதிர்த் திசை, மாற்றி வாங்கிவிடாதீர்கள். நல்ல செய்தி என்னவென்றால், ஹெரால்டு சேஸைச் சுருக்கித்தான் 1962-இல் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் வந்தது, அந்த வண்டிக்கு இங்கிலாந்தில் இன்னும் ரசிகர் கூட்டம் இருப்பதால் ட்ரனியன், புஷ், ரப்பர் எல்லாம் அங்கே புதிதாகவே செய்து விற்கிறார்கள். வரவழைக்கலாம். சுங்கவரி வலிக்கும்.

பின்னால் ஒரே ஒரு குறுக்குப் பட்டை ஸ்பிரிங், டிஃபரென்ஷியல் தலைமேல் உட்கார்ந்திருக்கும். ஜாக்கி போட்டுத் தூக்கி இறக்கினால் பின் வீல்கள் இரண்டும் உள்பக்கம் மடங்கிக்கொண்டு, கால் வளைந்த நாற்காலி மாதிரி நிற்கும். பதறி ஸ்பிரிங்கை மாற்றப் போகாதீர்கள், வண்டியை முன்னும் பின்னும் பத்தடி உருட்டினால் சரியாக உட்கார்ந்துவிடும். அளவெல்லாம் அதற்குப் பிறகுதான் எடுக்க வேண்டும்.

பிரேக்கில் எந்தப் பழசையும் காப்பாற்ற நினைக்க வேண்டாம். நாலு வீலும் டிரம், ஒரே ஒரு சர்க்யூட், ஒரு குழாய் வெடித்தால் மொத்த பிரேக்கும் போய்விடும். வெளித்தோற்றம் அசலாக இருக்கட்டும், உள்ளே ஹோஸ், குழாய், வாஷர், வீல் சிலிண்டர் ரப்பர் அத்தனையும் புதிது.

இன்ஜினைப் பிரிப்பதற்கு முன்னாலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒருவர் கிளட்ச்சை மிதிக்க, நீங்கள் முன்னால் கிராங்க் தண்டின் முனையில் இருக்கும் புல்லியைக் கவனியுங்கள். மிதிக்கும்போது புல்லி கண்ணுக்குத் தெரியும் அளவு முன்னால் நகர்ந்தால், கிராங்கை இடத்தில் நிறுத்தும் அரைவட்ட வாஷர்கள் தேய்ந்துவிட்டன, சில சமயம் கழன்று சம்ப்பில், அதாவது இன்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டியில், விழுந்தே கிடக்கும். இதைக் கவனிக்காமல் ஓட்டினால் பிளாக்கே வீணாகும். மற்றபடி இது எளிமையான இன்ஜின், மூன்று மெயின் பேரிங், 63 மி.மீ. போர், 76 மி.மீ. ஸ்ட்ரோக். நல்ல லேத்தில் கொடுத்தால் போரிங், கிராங்க் கிரைண்டிங், ஹெட் ஃபேசிங் எல்லாம் ஒரு வாரத்தில் முடியும். ஹெட் வேலை செய்யும்போதே எக்ஸாஸ்ட் வால்வுக்குக் கடினமான சீட் (வால்வு உட்காரும் வளையம்) போடச் சொல்லுங்கள். ஈயம் கலந்த பெட்ரோலை நம்பிச் செய்த இன்ஜின் இது, அந்தப் பெட்ரோல் 2000-த்தோடு இந்தியாவில் நின்றுவிட்டது. திரும்பப் பூட்டும்போது வால்வ் இடைவெளி இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது 0.010 அங்குலம், டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் இடைவெளி 0.015, பிளக் இடைவெளி 0.025. ஃபயரிங் வரிசை 1-3-4-2.

பெட்ரோல் என்றதும் இன்னொன்று. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் ஹோஸும் பெட்ரோல் பம்ப்பில் உள்ள டயஃப்ரமும் அதில் ஊறி இளகிப்போகும். எத்தனால் தாங்கும் ஹோஸ், டயஃப்ரம் போடுங்கள். மாதக்கணக்கில் வண்டியை நிறுத்துவதாக இருந்தால் டேங்க்கை வடித்துவிடுங்கள், எத்தனால் ஈரத்தை இழுத்து அடியில் தண்ணீர் கட்டும்.

வயரிங்கில்தான் ஐம்பது வருடத்து எலக்ட்ரீஷியன்கள் அத்தனை பேரும் தங்கள் கைவண்ணத்தைக் காட்டியிருப்பார்கள். என் வண்டியில் ஹெட்லைட்டுக்கு வீட்டுக்கு இழுக்கும் மஞ்சள் ஒயர் ஓடியது. ஒட்டுப் போடாமல் முழு ஹார்னஸையும், அதாவது வண்டியின் வயர் கட்டு மொத்தத்தையும், புதிதாகக் கட்டுங்கள், அதுவும் லூகாஸ் என்ற பிரிட்டிஷ் மின்சாமான் கம்பெனியின் நிறக் கணக்கில்: பேட்டரியில் இருந்து வருவது பிரவுன், இக்னிஷன் வெள்ளை, இக்னிஷனுக்குப் பிறகு ஃப்யூஸ் வழியாகப் போவது பச்சை, பார்க்கிங் விளக்கு சிவப்பு, ஹெட்லைட் நீலம், அதில் வெள்ளைக் கோடு ஹை பீம், சிவப்புக் கோடு டிப், எர்த் கருப்பு. அழகுக்காகச் சொல்லவில்லை, ராத்திரி நடுரோட்டில் வண்டி நின்றால் நிறத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம். பேட்டரியை மாட்டும் முன் எந்த முனை எர்த் என்று பாருங்கள். பிரிட்டிஷ் வழி வந்த அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த், நடுவில் யாராவது மாற்றியும் இருக்கலாம்.

குரோம் வேலைக்குக் கொடுக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். டிக்கியில் இருந்த ‘ஹெரால்டு’ எழுத்தை ஒரு கடையில் பாலீஷ் என்ற பெயரில் வீலில் வைத்துத் தேய்த்து, எழுத்தின் விளிம்பெல்லாம் மழுங்கி, சோப்பு கரைந்த மாதிரி ஆக்கிக் கொடுத்தார்கள். அந்த மோனோகிராமுக்காக சென்னையின் பழைய வண்டிச் சாமான் சந்தையான புதுப்பேட்டையில் எட்டு மாதம் அலைந்தேன். இன்ஜின் சாமான் இங்கிலாந்தில் இருந்து வந்துவிடும். மதராஸ் வண்டிக்கென்றே செய்த எழுத்து, கிரில், கைப்பிடி இவை வராது, புதுப்பேட்டை, ஜி.பி. ரோடு, அதுவும் இல்லாவிட்டால் எங்காவது கொட்டகையில் செத்துக் கிடக்கும் வண்டி, அவ்வளவுதான். சுமாராகத் தேய்ந்த அசல் சாமான் இருந்தால் அதையே துடைத்துப் போடுங்கள்.

டயரில் மட்டும் நான் அசலை விட்டுக்கொடுத்தேன், 13 அங்குல ரிம்மில் ரேடியல்தான் ஓடுகிறது. இதைக் குறை சொல்கிறவர்கள் மழையில் பழைய பாணி நைலான் டயரில் ஒரு தரம் பிரேக் அடித்துப் பார்க்கட்டும். சீட் பெல்ட்டும் போட்டேன், துளை போடாமல், இருக்கும் போல்ட் இடத்திலேயே.

50 வருடம் தாண்டிய வண்டிக்கு 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் பதிவு விதி உண்டு. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும், பழைய நம்பரையும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் சேஸ், பாடி, இன்ஜினை மாற்றி அமைத்திருக்கக் கூடாது, வண்டியைக் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்று மட்டும் எடுக்கலாம், தினம் ஆபீஸுக்கு ஓட்ட முடியாது. எனக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் காபிக்குப் போக வேண்டும், அதனால் சாதாரண ஆர்.சி.யையே புதுப்பித்து வைத்திருக்கிறேன்.

வண்டி ஓடத் தொடங்கியதும் முதல் 800 கிலோமீட்டர் மிதிக்காமல் ஓட்டுங்கள். அப்புறம் ஆயிலை மாற்றி, ஹெட் நட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து ஒரு முறை பார்த்து, வால்வ் இடைவெளியை மறுபடி சரிபார்த்து, பாடி போல்ட் அத்தனையும் இறுக்குங்கள், எனக்கு ஏழு போல்ட் தளர்ந்திருந்தன. சர்வீஸுக்கு விட்டால் முன் வீல் பக்கம் ‘கிரீஸ் வேண்டாம், ஆயில்’ என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டிவிட்டு, பையன் கிரீஸ் கன்னோடு வரும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்.